மூன்றாவது ஓலை

விழுப்புரம்
12-6-1961

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே ஒருவாறு இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடம் திறந்துவிட்டதே, மாடி ஏறி இறங்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது. லீவுக்கு வந்தபோது நீங்கள் பார்த்ததைவிட அதிகம். என்னை யாரோ வேலைக்காரி என்று நினைக்கிறாள். "இந்தாம்மே, என் பொண்ணு வர்ற நேரமாச்சி, நீ உன் வூட்டுக்குப் போ" என்கிறாள். நான் சோறு போட்டால் தொடுவதில்லை. அதில் என்னவோ கலந்திருக்கிறேனாம். போன வாரம் நாலு நாள் வெறும் நீராகாரம்தான்.

வியாழக்கிழமை ஒன்று நடந்தது. கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருக்கும் இன்னாசிராஜ் என்பவர், தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்தார். திண்டிவனத்துக்காரர். நம் மாதா கோவிலுக்குத்தான் பூசைக்கு வருவார். முப்பத்தேழு வயதிருக்கும். அவரைப் பார்த்ததும் அம்மா எழுந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆரோக்கியம், இவ்ளோ நேரம் எங்கடா போயிருந்த? சாப்பிடாம உக்காந்துக்கினு இருக்கேன் பாரு" என்றாள். நான் கண்ணாலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. "வண்டி லேட்டும்மா. வா, ரெண்டு பேரும் சாப்பிடலாம்" என்று கையலம்பிவிட்டு உட்கார்ந்தார். அம்மா ஒரு தட்டுச் சோறு முழுக்கச் சாப்பிட்டாள். நான் அடுப்பங்கரையில் நின்று அழுதேன்.

அதிலிருந்து தினம் மதியச் சாப்பாட்டு வேளைக்கு வந்துபோகிறார். அடுத்த வீட்டு அஞ்சம்மாள், திருவக்கரைக் காளியம்மனிடம் மூன்று அமாவாசை கூட்டிப்போனால் தெளியும் என்கிறாள். "உங்க சாமி கோச்சிக்கினா நான் பேசிக்கிறேன், கெளம்பு" என்றும் சொல்கிறாள். என்ன செய்யட்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
அமல்ராணி


திண்டிவனம்
16-6-1961

அன்புள்ள அமல்ராணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. நீ இளைத்திருப்பாய் என்று தோன்றுகிறது. வேளைக்குச் சாப்பிடு.

திருவக்கரை வேண்டாம். அம்மாவுக்கு வந்திருப்பது மூளைத் தளர்ச்சி. பேயும் இல்லை, சாபமும் இல்லை.

அந்த இன்னாசிராஜ் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் செத்துப்போன பிள்ளையாக நடிப்பது வைத்தியம் ஆகாது. தம்பி ஆரோக்கியம் ஒன்பது வயதில், அப்பாவுக்கு மானாமதுரை லோகோ ஷெட்டில் வேலையாக இருந்தபோது, தொண்டை அடைப்பான் கண்டு இறந்தான். நீ அப்போது பிறக்கவில்லை. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். அவள் பார்த்ததை இல்லையென்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. பொய்யைப் பழக்கினால் மிச்சமிருக்கும் நினைவும் குழம்பிப்போகும்.

மறதிக்கார மாணவிக்குப் பாடத்தைத் தினமும் திரும்பச் சொன்னால் படியும். பதினெட்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். இத்துடன் ஒரு அட்டையில் எழுதி அனுப்பியிருக்கிறேன். காலையில் முகம் கழுவியதும் அம்மாவை உட்காரவைத்து நிதானமாக வாசித்துக் காட்டு:

"இன்று இன்ன கிழமை, இன்ன தேதி. நீ சூசை மேரி. இது விழுப்புரத்தில் உன் வீடு. உன் கணவர் சவுரிராயன் 1949-ல் இறந்தார். உன் மகன் ஆரோக்கியம் 1924-ல் இறந்தான். உனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் லூர்துமேரி திண்டிவனத்தில் டீச்சராக இருக்கிறாள். உன்னோடு இருப்பவள் இளையவள் அமல்ராணி."

ஒரு மாதம் விடாமல் செய். பலன் எப்படி என்று எழுது.

அக்கா
லூர்துமேரி


விழுப்புரம்
9-7-1961

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதில் தாமதித்ததற்குக் காரணம் உண்டு.

ஒன்பது நாள் வாசித்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

ஒன்பது நாளும் அம்மாவுக்கு அது புதுச் செய்தி. "என்னாடி சொல்ற? எப்போ? எனக்கு ஏண்டி ஆளனுப்பல?" என்று மாரில் அடித்துக்கொண்டாள். ஒருநாள் முடியை அவிழ்த்துவிட்டு, மானாமதுரை வண்டிக்கு என்று ஸ்டேஷனுக்கே கிளம்பிவிட்டாள். மதியத்துக்குள் யார் செத்தது என்பது மறந்துபோகும். அழுகை மட்டும் மறக்காது. எதற்கு அழுகிறோம் என்றே தெரியாமல் விளக்கு வைக்கும்வரை அழுதுகொண்டிருப்பாள். பத்தாம் நாள் அட்டையைத் தையல் மிஷின் டிராயரில் போட்டுப் பூட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. இன்னாசிராஜ் என்னைக் கேட்கிறார். நேராகக் கேட்கவில்லை. அம்மாவோடு உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே, "அம்மா என்னைய புள்ளன்றாங்க. கோவில் புஸ்தகத்துல மருமவன்னு எழுதிட்டா அது பொய்யில்லாம போயிடும்ல" என்றார். முப்பத்து மூன்று வயதில் எனக்கு எதற்கு இதெல்லாம் என்றேன். "எனக்கு முப்பத்தேழு. பேரம் பேச ரெண்டு பேருக்குமே ஒண்ணுமில்ல" என்றார். அம்மாவை விட்டு நான் வர வேண்டாமாம், அவரே இங்கே வந்துவிடுவாராம். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்தது திண்டிவனத்தில் இருக்கும் ராஜாமணி பெரியம்மாதான். நீங்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

அக்கா, எனக்கு ஆசையாக இருக்கிறது. இந்த ஒரு வரிக்கு நாலு தாள் கிழித்தேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
அமல்ராணி


திண்டிவனம்
24-7-1961

அன்புள்ள அமல்ராணிக்கு,

நான் சுகம். அம்மா சாப்பிடுகிறாளா என்று முதலில் எழுது.

அந்த அட்டையைக் கிழித்துப்போடு. நான் நினைத்தது தவறு. இப்படி எழுதி எனக்குப் பழக்கமில்லை, அதனால் இதற்குமேல் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராஜாமணி அம்மாளைப் போய்ப் பார்த்தேன். சுத்தமான வீடு. மோர் கொடுத்தார். நிறையக் கேட்டார். குடும்பத்தில் காசம் உண்டா, குஷ்டம் உண்டா, யாராவது மதம் மாறிக் கட்டினார்களா என்றெல்லாம். இல்லை என்றேன். அம்மாவின் மறதியைப் பற்றியும் சொன்னேன். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே டீச்சர்" என்றார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை.

அவருக்குச் சம்மதம். எனக்கும்.

அக்கா
லூர்துமேரி


விழுப்புரம்
28-8-1961

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கச் சர்வேசுரனை மன்றாடுகிறேன். இங்கே சுகமில்லை.

மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் முதல் ஓலை போன ஞாயிறு நல்லபடியாக முடிந்தது. நேற்று பூசையில் இரண்டாவது ஓலை. எங்கள் இருவர் பேரையும் வாசித்துவிட்டு, "இவர்கள் விவாகத்துக்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லக்கடவார்கள்" என்று பங்குச் சாமியார் வழக்கம்போல் முடித்தார். யாரும் எதுவும் சொல்லாத இடம் அது. அம்மாவின் பக்கத்தில் இருந்த பெண், "உன் சின்னப் பொண்ணுக்குத்தான் படிக்கிறாங்க. மாப்ள அதோ, தூண்கிட்ட" என்று ஆண்கள் பக்கம் கைகாட்டினாள்.

அம்மா எழுந்து நின்றாள். "சாமி, அது ஆரோக்கியம். நான் பெத்த புள்ள. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஓலை படிக்கிறீங்களே, அடுக்குமா?" என்றாள். கோவில் முழுக்கத் திரும்பியது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறிவிட்டு அவரையே கேட்டாள். "நீயே சொல்லுடா. நான் உன் அம்மா இல்ல?" அவரால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தினமும் அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டவர் அல்லவா. தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்துச் சிலருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

சாமியாருக்கு உண்மை தெரியும். ஆனால் கோவிலில் நின்று சொன்ன ஆட்சேபணைக்குப் பதில் எழுதி பிஷப் ஆண்டவருக்கு அனுப்பாமல் மூன்றாவது ஓலை வாசிக்க முடியாதாம். இன்னாசிராஜ் யார் பிள்ளை என்று காட்ட வேண்டிய ஞானஸ்நானப் புத்தகம் அவர் பிறந்த ஊரில் கரையான் அரித்துப்போயிற்று. "பெற்றவளே சாட்சி சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் புத்தி சுவாதீனம் இல்லையென்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்தச் சாட்சி செல்லாது" என்கிறார்.

அம்மாவைப் பைத்தியம் என்று எழுதி வாங்கித்தான் எனக்குத் தாலி ஏற வேண்டுமா? வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

அமல்ராணி


திண்டிவனம்
11-9-1961

அன்புள்ள அமல்ராணிக்கு,

சனிக்கிழமை நீ வைத்த குழம்பு நன்றாக இருந்தது. டாக்டரும் சொன்னார்.

வேறு வழி இல்லை. தம்பியின் சாவு எழுதிய மானாமதுரைக் கோவில் புத்தகமும் கிடைக்கவில்லை. அதனால்தான் சென்னையிலிருந்து அவரை வரவழைத்தேன். பைத்தியம் என்று அவர் எழுத மாட்டார். வயோதிகத்தால் மூளை தளர்ந்த நோய், சாட்சி சொல்லும் நிலையில் இல்லை என்று எழுதுவார். திரும்பி வரும்போது காரில் அவர் சொன்னதை உனக்குச் சொல்ல வேண்டும். இதைக் குணப்படுத்த மருந்து இல்லையாம். அவள் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டுமே தவிர, நாம் இருக்கும் இடத்துக்கு அவளை இழுக்கக் கூடாதாம். இன்னாசிராஜ் செய்வதுதான் சரியான வைத்தியமாம். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிறகு குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அச்சடித்த தாள், எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்கிறவள் நான். அவர் கேட்டார், சொன்னேன்.

தாள் நேராகச் சாமியாருக்கு வந்து சேரும். அக்டோபரில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம். நான் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுகிறேன்.

அக்கா
லூர்துமேரி


விழுப்புரம்
24-9-1961

அக்காவுக்கு,

நேற்று சாமியார் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு அந்தத் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டினார். அம்மாவைப் பற்றி எழுதியிருந்தபோது ராஜாமணி பெரியம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அடுத்து, "குடும்பத்தில் வேறு எவருக்கேனும்" என்று ஒரு வரி வந்தது. மூத்த மகளுக்கு 1941-ல் மனத்தளர்ச்சி, சென்னை மனநோய் ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் என்று சாமியார் வாசித்தார்.

பெரியம்மா எழுந்துவிட்டார். "கெழவி, வயசாச்சி, சரி. டீச்சருமா? ஒரே வூட்ல ரெண்டு பேரா? நாளைக்கு இவளுக்கும் வராதுன்னு யாரு எழுதிக் குடுப்பாங்க, நீங்க குடுப்பீங்களா சாமி?" என்று கேட்டார். சாமியார் தாளை மடித்தார். "எந்திரிடா" என்றார் பெரியம்மா. இன்னாசிராஜ் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார். பிறகு எழுந்து போனார்.

அந்த வருஷம் நீங்கள் டீச்சர் வேலைக்கு எல்.டி. படிக்கச் சென்னைக்குப் போனதாகத்தான் எனக்குச் சொன்னார்கள். எது உண்மை?

அமல்ராணி


திண்டிவனம்
27-9-1961

அன்புள்ள அமல்ராணிக்கு,

தாளில் இருப்பதுதான் உண்மை.

ஆகஸ்டில் தொடங்கியது. எந்தக் காரணமும் இல்லை. எல்லோரும் காரணம் கேட்டார்கள், சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. சீப்பை எடுத்துத் தலை வாருவது பெரிய வேலையாக இருந்தது. அழுகைகூட வரவில்லை. நான் கிணற்றடிக்குப் போனால் அப்பா பின்னாலேயே வந்து ஏதோ வேலையிருப்பதுபோல் நிற்பார். நீ எட்டாவது படித்தாய், உனக்குச் சொல்ல வேண்டாமென்று அம்மாதான் முடிவு செய்தாள்.

ஆஸ்பத்திரியில் யாரும் என்னை அடிக்கவில்லை, கட்டிப்போடவில்லை. ஒரு நர்ஸ் தினமும் தலை பின்னிவிட்டாள். டிசம்பரில் ஒருநாள், காப்பி ஆறிப்போயிருக்கிறது என்று கோபித்துக்கொண்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, இனி வீட்டுக்குப் போகலாம் என்றார். அடுத்த வருஷம் எல்.டி. சேர்ந்தேன். பிறகு அது வரவில்லை.

அந்தத் தாளில் பூரண குணம் என்றும் எழுதியிருந்தது. சாமியார் அதையும் வாசித்திருப்பார். அந்த இரண்டு சொல்லை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ராஜாமணி அம்மாள் வீட்டுக்கு நேற்றுப் போனேன். உள்ளே ஆள் இருந்தது, கதவு திறக்கவில்லை.

காரில் டாக்டர் கேட்டபோது இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வேறு எதையும் என்னால் இப்போது நினைக்க முடியவில்லை. திட்டியாவது எழுது.

அக்கா


விழுப்புரம்
5-11-1961

மதிப்பிற்குரிய டீச்சர் அம்மா அவர்களுக்கு, கூட்ஸ் ஷெட் இன்னாசிராஜ் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் எழுத உரிமையுள்ளவன் அல்ல. வேறு ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

மதியம் வருவதை நான் நிறுத்தவில்லை. பெரியம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கு ஊட்டிவிட்டுப் போய்விடுகிறேன். மூன்று வாரமாக மிஷின் ஓடவில்லை. அமல்ராணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தலை வாருவதில்லை. கல்லறைத் திருநாளுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அஞ்சம்மாள் கேப்பைக் கூழ் கொண்டுவந்து வைக்கிறார், அது அப்படியே இருக்கிறது. தங்கள் கடிதங்கள் மூன்றும் பிரிக்காமல் மிஷின்மேல் கிடக்கின்றன. நேற்று ரொம்ப நேரம் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாராம். "எனக்கு பேஜாரா கீதுபா, டீச்சருக்கு ஜல்தியா காயிதம் போடு" என்றார் அஞ்சம்மாள்.

பெரியம்மா காலில் விழுந்தும் பார்த்தேன். அவளைக் கட்டினால் தன் பிணத்துக்கு மண் போட வராதே என்கிறார். ஏழு வயதிலிருந்து எனக்குச் சோறு போட்டவர். மீற எனக்குத் தைரியம் இல்லை. இதைத் தங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை.

உடனே வாருங்கள்.

இன்னாசிராஜ்


சென்னை
21-1-1962

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தேறிவருகிறேன். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? பள்ளிக்கூடத்தில் உங்கள் லீவை நீட்டிக் கொடுத்தார்களா?

நீங்கள் என்னை இங்கே கொண்டுவந்து விட்டதும் திரும்பிப் பார்க்காமல் போனதும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தியது அவ்வளவாக நினைவில்லை. மாத்திரை கொடுக்கிறார்கள். வாய் உலர்ந்துபோகிறது, ஆனால் தூக்கம் வருகிறது. நேற்று தையல் அறையில் ஆறு தலையணை உறை தைத்தேன். பக்கத்துக் கட்டில் கிருஷ்ணவேணி, "உன் தையல் கோணலா இருக்கு, உனக்கு இன்னும் சரியாவல" என்றாள். சிரிப்பு வந்தது. எத்தனை மாதம் கழித்து என்று எண்ணிப் பார்த்தேன்.

செப்டம்பரில் நீங்கள் எழுதிய கடிதத்தை இங்கே வந்துதான் பிரித்தேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

அவர் மதியம் வருகிறாரா? அம்மா சாப்பிடுகிறாளா? நான் வெளியே வந்ததும் நானே ஒருமுறை பெரியம்மாவைப் போய்ப் பார்க்கலாமென்று இருக்கிறேன். எனக்கு வந்தது, குணமாகிவிட்டது, பாருங்கள் என்று முன்னால் நிற்கலாம். அதை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு மாத்திரையையும் விழுங்குகிறேன். இன்னும் ஐந்து வாரம் என்கிறார் டாக்டர்.

அங்கே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நீங்கள் அப்படித்தான் எழுதுவீர்கள்.

அமல்ராணி


விழுப்புரம்
6-2-1962

மதிப்பிற்குரிய டீச்சர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அம்மாவும் சுகம் என்று நேற்று மதியம் நேரிலேயே பார்த்தேன். ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெரியம்மா எனக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டார். தவக்காலத்துக்கு முன் கல்யாணம். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. ஆகஸ்டுக்குப் பிறகு அம்மாவைப் பூசைக்கு யாரும் கூட்டிவராததாலும், தாங்கள் விடியற்காலைப் பூசைக்கே வந்து போவதாலும் தங்களுக்குத் தெரிந்திருக்காது. மூன்றாவது ஓலை வரும் ஞாயிறு, பெரிய பூசையில்.

இனி மதியம் வர முடியாது. வருகிறவளுக்கு அது சங்கடம். அம்மா கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் ஒத்திப்போட்டேன்.

அமல்ராணிக்குத் தாங்களே எழுதிவிடுங்கள். ஊரார் வாயால் தெரிவதைவிட அது நல்லது.

இன்னாசிராஜ்


விழுப்புரம்
12-2-1962

அன்புள்ள அமல்ராணிக்கு,

நானும் அம்மாவும் சுகம். லீவு ஏப்ரல்வரை கிடைத்துவிட்டது. கிருஷ்ணவேணியிடம் அடுத்த தலையணை உறையையும் காட்டு. குறை சொல்ல ஆள் இருப்பது நல்லதுதான்.

அம்மா சாப்பிடுகிறாள். தட்டை வைத்ததும் ஆரோக்கியம் எங்கே என்று கேட்பாள். "வேலைக்குப் போயிருக்கான்மா, உன்னச் சாப்பிட்டுட்டு இருக்கச் சொன்னான்" என்பேன். "அவன் சொன்னா சரி" என்று வாயைத் திறப்பாள். முதல் நாள் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். இப்போது சரளமாக வருகிறது.

இன்னாசிராஜைப் பற்றிக் கேட்டிருந்தாய். மல்லாட்டை அறுவடை ஆகி மூட்டைகள் வந்து குவிகின்றன. கூட்ஸ் ஷெட்டில் மூச்சுவிட நேரமில்லை. அதனால் மதியம் வர முடிவதில்லை.

நேற்று அம்மா காலையிலேயே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, பூசைக்கு நேரமாச்சு என்று வாசலில் நின்றுவிட்டாள். தட்ட மனம் வரவில்லை, பெரிய பூசைக்கே கூட்டிப்போனேன். சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பிரசங்கத்துக்குப் பிறகு சாமியார் அறிவிப்புகள் வாசித்தபோது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் கடைசிவரை கேட்டேன். நமக்கு வேண்டிய சேதி ஒன்றும் இல்லை.

மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே.

அக்கா
லூர்துமேரி